நம் தொழில் எதற்காக? தொலைநோக்கும் பணி வாசகமும் எழுதக் கற்போம்



சிறுதொழில் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் திட்ட அறிக்கை கேட்கிறார்கள். அறக்கட்டளைகளில் உதவி கேட்டாலும் ஒரு படிவம் தருகிறார்கள. பெயர், முகவரி, ஆதார் எண், தேவைப்படும் தொகை எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறோம். "தொழிலின் நோக்கம்" என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. "குடும்ப வருமானத்துக்காக" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

அது பொய்யல்ல. ஆனால் நமக்கு ஏன் இந்தத் தொழில் தேவை என்பதை மட்டுமே அது சொல்கிறது. பிறருக்கு நம் தொழில் ஏன் தேவை என்பதை அது சொல்லவில்லை. வாங்குகிறவர் நம் வருமானத்துக்காக நம்மிடம் வருவதில்லை. தமது தேவைக்காக வருகிறார். அந்தத் தேவை எது, அதை நாம் எப்படித் தீர்க்கிறோம் என்று இரண்டு மூன்று வரிகளில் எழுதிவைப்பதுதான் இந்தப் பாடம்.

பெரிய கம்பெனிகள் இதை விஷன், மிஷன் என்று சுவரில் மாட்டி வைக்கின்றன. அதனால் இது கோட் சூட் போட்டவர்களின் வேலை என்று நாம் நினைத்துவிடுகிறோம். தொழுகைக்கும் நோன்புக்கும் முன்னால் நிய்யத் வைக்கிற நமக்கு இது புதிதல்ல. எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்வதுதான் இங்கேயும் கேட்கப்படுகிறது. ஒரே ஒரு வேறுபாடு: தொழிலில் கூட்டாளிகளும் வாடிக்கையாளரும் இருப்பதால் நோக்கத்தை மனதில் வைத்தால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும்.

இரண்டு வாசகம், இரண்டு கேள்வி

தொலைநோக்கு வாசகம் என்பது, "நாம் உழைத்தால் ஒருநாள் எந்த நிலையைப் பார்க்க விரும்புகிறோம்?" என்ற கேள்விக்கான பதில். பணி வாசகம் என்பது, "அதற்காக இன்று யாருக்கு, என்ன, எப்படிச் செய்கிறோம்?" என்ற கேள்விக்கான பதில்.

எண்ணூர் முகத்துவாரத்தில் படகு ஓட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புரியும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் மணல் திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். போன மாதம் படகு போன வழியில் இந்த மாதம் தரை தட்டும். வழியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் மாறுவதில்லை. தொலைநோக்கு என்பது சேர வேண்டிய இடம். பணி என்பது இந்தப் பருவத்தில் நாம் எடுக்கும் வழி.

நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954-ல் எழுதிய நூலில், "நம் தொழில் எது?" என்ற கேள்வியை நிர்வாகத்தின் முதன்மையான கேள்விகளில் ஒன்றாக வைத்தார். கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் அதற்கு விடை காண, வாடிக்கையாளரின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்றார். தையல் கடைக்காரர் தம் தொழில் துணி தைப்பது என்று நினைக்கிறார். வாடிக்கையாளருக்கோ, பெருநாளுக்கு முந்தின நாள் பிள்ளையின் உடுப்பு கைக்கு வந்துவிட வேண்டும். அவர் பணம் தருவது தையலுக்கு மட்டுமல்ல, சொன்ன தேதிக்கும் சேர்த்துத்தான்.

ஒரு வரி என்ன செய்யும்?

நம் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் அரசு மருத்துவப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் அவருடைய கைவிரல்கள் வளைந்திருந்தன. அந்த விரல்களாலேயே கருவிகளைப் பிடிக்கப் பழகி, பல்லாயிரம் கண்புரை அறுவைகளைச் செய்தவர். ஓய்வுக்குப் பின் தம் உடன்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர்கள் வைத்துக்கொண்ட நோக்கம், தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது. "தேவையற்ற" என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்புரையால் வரும் பார்வையிழப்பை அறுவை செய்து நீக்க முடியும். நீக்க முடிந்தும் ஒருவர் பார்வையில்லாமல் இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நோயல்ல. பணமில்லாமை, தூரம், அறியாமை. அந்த ஒரு சொல் யாருக்காக உழைக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

அதிலிருந்து பிறந்த முடிவுகளை வரிசையாகப் பார்ப்போம். பணமில்லாதவரைத் திருப்பி அனுப்பினால் நோக்கம் தோற்றுவிடும். எனவே கட்டணம் செலுத்துகிறவர்களின் வருவாயைக் கொண்டு இலவச சிகிச்சையையும் தாங்கும்படி மருத்துவமனையை அமைத்தார்கள். கிராமத்து முதியவரால் மதுரைக்கு வர முடியாது. எனவே கிராமங்களில் கண் முகாம் நடத்தி, அறுவை தேவைப்படுவோரை அழைத்து வந்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்ததால் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. எனவே 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இங்கேயே குறைந்த விலையில் லென்ஸ் செய்தார்கள்.

"மதுரையின் தலைசிறந்த கண் மருத்துவமனையாக விளங்குவது" என்று அவர்கள் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல கட்டடம் வந்திருக்கும். கிராம முகாமும் லென்ஸ் தொழிற்சாலையும் அந்த வாசகத்திலிருந்து பிறந்திருக்காது. சிறந்தவராக இருப்பது நம்மைப் பற்றிய ஆசை. பார்வையிழப்பை ஒழிப்பது பிறரைப் பற்றிய கடமை. நல்ல வாசகம் நம்மைக் கடை வாசலுக்கு வெளியே பார்க்க வைக்கும்.

பெயரிலேயே நோக்கம், விதியிலேயே நோக்கம்

டெல்லியில் 1906-ல் ஹக்கீம் ஹாபிஸ் அப்துல் மஜீத் ஒரு யூனானி மருந்தகம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ஹம்தர்த். வேதனையில் பங்கு கொள்பவர் என்பது அதன் பொருள். ரூஹ் அஃப்ஸா சர்பத் மூலம் அந்தப் பெயர் நம் வீடுகளுக்கும் வந்தது. தொடங்கியவர் 1922-ல் மறைந்த பிறகு அவருடைய மனைவி ராபியா பேகம் தொழிலைத் தாங்கினார். 1948-ல் மகன் ஹக்கீம் அப்துல் ஹமீத் நிறுவனத்தை வக்ஃபாக ஆக்கினார். லாபம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் செல்ல வழி பிறந்தது. 1989-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஜாமியா ஹம்தர்த் அந்தப் பாதையில் வந்ததுதான். பெயர்ப்பலகையில் இருந்த ஒரு சொல் இரண்டு தலைமுறைக்குள் சட்டபூர்வமான ஏற்பாடாக மாறியது.

இன்னொன்று மும்பையில் நடந்தது. 1959 மார்ச் 15 அன்று கிர்காம் பகுதியில் ஒரு குடியிருப்பின் மாடியில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். முதல் நாள் தயாரானது நான்கு பாக்கெட். அதுதான் இன்றைய லிஜ்ஜத் அப்பளம். நஷ்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தார்கள். வேலை செய்கிற ஒவ்வொரு சகோதரியும் நிறுவனத்தில் உடைமையாளர் என்ற விதியையும் வைத்தார்கள். அப்பளம் வட்டமாகவும் சுவையாகவும் இருக்க வேண்டியது உண்மைதான். ஆனால் உழைக்கும் பெண் யாரிடமும் கையேந்தாமல் நிற்க வேண்டும் என்பது அதைவிட முன்னால் நின்றது.

வாசகம் மாறலாமா?

மாறலாம். நம் கண்ணெதிரே இருக்கும் எண்ணூர் துறைமுகத்தையே பாருங்கள். 2001-ல் அது செயல்படத் தொடங்கியபோது அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதே அதன் முதன்மையான வேலை. 2010-லிருந்து அங்கிருந்து கார்களும் கப்பலேறின. 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயரும் மாறியது. செய்யும் பணி விரிந்தால் அதைச் சொல்லும் வாசகத்தையும் திருத்தி எழுத வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பேசித் திருத்துவது வேறு. நெருக்கடி வந்த வாரத்தில் வசதிக்காக நழுவவிடுவது வேறு. இதைப் பின்னால் பார்ப்போம்.

எழுதிப் பார்ப்போம்

முகத்துவாரக்குப்பத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து கருவாடு போட்டு விற்கத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டு 18,000 ரூபாய் முதல். நெத்திலி, வாளை, காரப்பொடி என்று கிடைக்கிற மீனை வாங்கிக் காய வைக்கிறார்கள். அவர்கள் முதலில் ஐந்து கேள்விகளுக்கு வாய்மொழியாகவே பதில் சொல்லட்டும். ஒருவர் அதை எழுதிக்கொள்ளட்டும்.

1. யாருக்கு விற்கிறோம்? "எல்லாருக்கும்" என்ற பதில் செல்லாது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் தினக்கூலிக்குப் போகிற குடும்பங்கள் என்றால், அது பதில்.

2. அவர்களுக்கு இப்போது உள்ள குறை என்ன? கருவாட்டில் மணல் ஒட்டியிருக்கிறது. பூச்சி வராமல் இருக்க எதையாவது தெளித்திருப்பார்களோ என்று பயம். எடை சரியில்லை. ஒரு வேளைக் குழம்புக்கு 50 ரூபாய்க்குக் கேட்டால் கொடுப்பதில்லை.

3. நாம் அதை எப்படித் தீர்ப்போம்? தரையில் போடாமல், வலை கட்டிய உயரமான பரணில் காய வைப்போம். 100 கிராம் பாக்கெட்டும் போடுவோம். என்ன மீன், எங்கே பிடித்தது, என்று காய வைத்தது என்று சீட்டு ஒட்டுவோம்.

4. எதைச் செய்யமாட்டோம்? பூச்சிமருந்து தெளிக்கமாட்டோம். பழைய சரக்கைப் புதியதோடு கலக்கமாட்டோம்.

5. பத்து ஆண்டில் எது மாறியிருக்க வேண்டும்? நம் குப்பத்தில் மீன் எடுக்க எந்தப் பெண்ணும் கந்துவட்டிக்குக் கடன் வாங்கும் நிலை இருக்கக்கூடாது.

இனி வாசகத்துக்கு வருவோம். படித்த பிள்ளை ஒருவரிடம் எழுதித் தரச் சொன்னால் முதலில் இப்படித்தான் வரும்:

"உலகத்தரம் வாய்ந்த கடல் உணவுப் பொருட்களைப் புதுமையான முறையில் வழங்கி, வாடிக்கையாளர் திருப்தியை உறுதி செய்வது."

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் "கடல் உணவு" என்பதை எடுத்துவிட்டு "செருப்பு" என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தும். எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற வாசகம் நம் தொழிலைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

அடுத்த முயற்சி: "முகத்துவாரக்குப்பத்துப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து நல்ல கருவாடு விற்கிறோம்."

இது உண்மை. பேச்சும் நம் பேச்சு. ஆனால் "நல்ல" என்றால் என்ன? விற்கிறவர் எல்லாரும் தம் சரக்கை நல்லது என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைப் பிரித்து எழுத வேண்டும்.

மூன்றாவது முயற்சி: "எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதியில் உழைத்து வாழும் குடும்பங்களுக்கு, மணலும் மருந்தும் படாத கருவாட்டை, எடை குறையாமல், அவர்களால் வாங்க முடிந்த அளவில் விற்கிறோம். என்ன மீன், எங்கே பிடித்தது, என்று காய்ந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறோம். லாபத்தை வேலை செய்கிறவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம்."

இதுதான் பணி வாசகம். ஐந்தாவது கேள்விக்கான பதில் தொலைநோக்கு வாசகம்: "எங்கள் குப்பத்தில் எந்தப் பெண்ணும் தொழிலுக்காகக் கந்துவட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை என்ற நிலை வர வேண்டும்."

கவனியுங்கள். இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலை வைக்கிறது. "மணல் படாத" என்றால் பரண் கட்டச் செலவு. "எடை குறையாமல்" என்றால் முத்திரை போட்ட தராசு. "வாங்க முடிந்த அளவில்" என்றால் சிறு பாக்கெட், அதற்குக் கூடுதல் உறைச் செலவு. "கந்துவட்டி இல்லாமல்" என்றால் லாபத்தில் ஒரு பங்கை எடுத்து, குழுவுக்குள்ளேயே வட்டியில்லாக் கடன் நிதி வைக்க வேண்டும். செலவு வைக்காத வாசகத்தைக் காப்பாற்றுவது எளிது. அதனால் பயனும் அவ்வளவுதான்.

கெட்ட நாளில் சோதித்துப் பாருங்கள்

எழுதிய வாசகம் நல்லதா என்பது விற்பனை நன்றாக இருக்கும் நாளில் தெரியாது. 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் வந்து படிந்தது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்களே ஆற்றில் இறங்கிக் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். எண்ணூர் மீன் என்றாலே வாங்க மக்கள் தயங்கினார்கள்.

அப்படி ஒரு வாரத்தில் நம் ஆறு பெண்களும் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கையில் சரக்கு இருக்கிறது. சீட்டில் "எண்ணூர்" என்று எழுதினால் விற்காது. எழுதாவிட்டால் விற்கும். மறுநாள் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டிய ஒருவர், "இந்த ஒரு தடவை சீட்டு ஒட்டாமல் விற்போமே" என்கிறார். அவர் கெட்டவர் அல்ல. கெட்ட வாரத்தில் மாட்டிக்கொண்டவர்.

"நல்ல கருவாடு விற்கிறோம்" என்ற வாசகம் இங்கே எந்தப் பதிலும் தராது. சரக்கு பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது! "எங்கே பிடித்தது என்பதை மறைக்காமல் சொல்கிறோம்" என்ற வாசகம் உடனே பதில் சொல்லிவிடும். புயலுக்கு முன்பே காய்ந்த சரக்கா? தேதியோடு சொல்லி விற்கலாம். புயலுக்குப் பின் கழிமுகத்தில் பிடித்ததா? விற்கக்கூடாது. வேண்டுமானால் காசிமேட்டில் ஆழ்கடல் மீனை ஏலத்தில் எடுத்து, அப்படியே எழுதி விற்கலாம். எடுக்கப் பணமில்லை என்றால் பரணைக் காலியாக விட வேண்டியதுதான்.

நஷ்டம் வராதா? வரும். வாசகம் சோறு போடாது. அதனால்தான் வாசகத்தோடு சேர்த்து ஒரு கெட்ட நாள் நிதியும் வேண்டும் என்கிறோம். வாராவாரம் விற்பனையில் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்தால்தான், அந்தச் சகோதரியின் பிள்ளைக்குக் கட்டணம் கட்டிவிட்டு, சீட்டையும் மாற்றாமல் இருக்க முடியும். நேர்மையை ஒருவருடைய மன உறுதியிடம் மட்டும் விட்டுவிடுவது சரியல்ல. அதைத் தாங்க ஓர் ஏற்பாடு வேண்டும். உணவு விற்கிற தொழிலில் இது வாங்குகிறவரின் உடல்நலத்தோடு சேர்ந்த விஷயம்.

அடிக்கடி நேரும் குறைகள்

நீளம்: இரண்டு மூன்று வரிக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

ஆசையும் பணியும் கலப்பது: "சென்னையெங்கும் கிளைகள் திறப்போம்" என்பது வளர்ச்சித் திட்டம். அதற்குத் தனித்தாள் போடுங்கள். பணி வாசகத்தில் இன்று செய்வது மட்டும் இருக்கட்டும்.

ஒருவரே எழுதுவது: கணக்குத் தெரிந்தவர் எழுதி, மற்ற ஐவர் கைநாட்டு வைத்தால், அது அவருடைய வாசகம். ஆறு பேரும் பேசி எழுதினால்தான் ஆறு பேரும் காப்பாற்றுவார்கள்.

முடியாததை எழுதுவது: "என்றும் விலை ஏற்றமாட்டோம்" என்று எழுதாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் வரத்துக் குறையும், கொள்முதல் விலை ஏறும். அந்த வாக்குறுதியை முதல் ஆண்டிலேயே உடைக்க நேரும்.

கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டு மறப்பது: இதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை.

எங்கே வைப்பது?

மூன்று இடங்களில் வையுங்கள். முதலில், கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில். செலவு எழுதும்போதெல்லாம் கண்ணில் படும். இரண்டாவது, கூட்டாளிகள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில். சண்டை வரும் நாளில் பேசுவதற்கு அது ஒரு பொது இடம். மூன்றாவது, வாடிக்கையாளர் பார்க்கிற பாக்கெட்டிலோ கடைப் பலகையிலோ. நாம் தவறினால் கேட்கிற உரிமையை அது அவருக்குக் கொடுக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். வேலை குறைவாக இருக்கும் தடைக்காலம் இதற்கு ஏற்றது. மூன்றே கேள்வி: சொன்னபடி செய்தோமா? எங்கே தவறினோம்? எந்தச் சொல்லை மாற்ற வேண்டும்? நெருக்கடி நடுவே திருத்தாதீர்கள். நெருக்கடி முடிந்தபின், எல்லாருடைய சம்மதத்தோடு திருத்துங்கள்.

இந்த மாதப் பயிற்சி

இட்லிக்கடை, தையல், பழைய இரும்பு, வலை பின்னுதல், ஆட்டோ, இறைச்சிக்கடை என்று நீங்கள் எந்தத் தொழில் செய்தாலும் மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள். பிறகு மூன்று வரியில் பணி வாசகம், ஒரு வரியில் தொலைநோக்கு. அதை எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு, நீங்கள் யாருக்கு என்ன செய்கிறீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று அந்தப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொன்னால் வாசகம் தேறிவிட்டது. சொல்ல முடியாவிட்டால் குறை பிள்ளையிடம் இல்லை. இன்னொரு முறை எழுதுங்கள்.

அடுத்த முறை படிவத்தில் "தொழிலின் நோக்கம்" என்று கேட்டால், அந்த வரிகளை அப்படியே எழுதலாம். கடன் தரும் அதிகாரிக்கும் உங்கள் கூட்டாளிக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே பதிலைச் சொல்கிற தொழில், நம்பி நடக்கத்தக்க தொழில்.

நாம் எழுதியதை நெருக்கடியான நாளிலும் காப்பாற்றும் உறுதியையும், அதற்கான வசதியையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.